நோகாத நோய்

முன்னாளில் வன்னியிலே ஒருவர் நோயுற்றிருக்கிறார் என்பதை அறிவதற்கு வைத்தியர் வேண்டியதில்லை. திடீரெனக் குளிர் பிடிக்கும். பல்லோடு பல் மோதும். வீட்டிலுள்ள போர்வை, சாக்கு யாவற்றையும் எடுத்துப் போர்த்தினாலும் நடுக்கம் அடங்காது. சற்று நேரத்தில் உடல் அனலாய்க் கொதிக்கும். பின்னர் வியர்த்து விடும். ஒரு நாள் இடைவிட்டு மறுபடியும் அதே துன்பம் தொடங்கும். திண்ணையிலிருக்கும் ஆச்சியே, "இது குளிர்காய்ச்சல்" என்று தீர்ப்புச் சொல்லிவிடுவார். நோய் தன் வருகையைத் தானே பறைசாற்றிய காலம் அது.

அந்தக் காலம் நம் தலைமுறையிலேயே முடிவுக்கு வந்தது. 1934, 1935 ஆம் ஆண்டுகளில் இலங்கையிலே ஏறத்தாழ 80,000 உயிர்களைக் கவர்ந்த மலேரியாக் கொள்ளைநோய், பெரும்பாலும் ஈரவலயத்தையும் அதனை அடுத்த ஊர்களையுமே வருத்தியது. வன்னியிலோ அது ஆண்டுதோறும் குடியிருந்த நோய். 1963 இல் நாடு முழுவதிலும் 17 நோயாளரே காணப்பட்டனர். வெற்றி கிட்டிவிட்டதென்று கண்காணிப்புத் தளர்ந்ததும், அந்தப் பத்தாண்டு முடிவதற்குள் ஐந்து இலட்சத்துக்கு மேற்பட்டோரை அது மீண்டும் பற்றியது. போர்க்காலத்திலும் வன்னியை விட்டு அது நீங்கவில்லை. எனினும் இரத்தப் பரிசோதனையும் நுளம்புக் கட்டுப்பாடும் இடைவிடாது தொடர்ந்தமையால், 2012 ஒக்டோபருடன் உள்நாட்டுப் பரவல் நின்றது. 2016 செப்டெம்பரில் உலகச் சுகாதார நிறுவனம் இலங்கையை மலேரியா ஒழிந்த நாடென அறிவித்தது.

நாம் பெருமைப்பட வேண்டிய வெற்றி இது. ஆனால் அந்த நோய் போகும்போது ஒரு பழக்கத்தை நம்மிடம் விட்டுச் சென்றது. நடுங்கினால்தான் நோய், நொந்தால்தான் வைத்தியசாலை என்னும் பழக்கமே அது. "நோய்" என்னும் சொல்லிலேயே "நோ" இருக்கிறதல்லவா? ஆயின், இன்று கிளிநொச்சியிலும் முல்லைத்தீவிலும் வவுனியாவிலும் நடுத்தர வயதினரைச் சாய்க்கும் நோய்கள் சில, தொடக்கத்தில் நோவதே இல்லை. உயர் இரத்த அழுத்தம், நீரிழிவு, நாட்பட்ட சிறுநீரக நோய் ஆகிய மூன்றையும் பற்றியே இக்கிழமை பேச எண்ணுகிறோம்.

ஒரு கமக்காரர்

எடுத்துக்காட்டாக ஒரு கமக்காரரை மனத்தில் கொள்வோம். முத்தையன்கட்டுக் குளத்தின் கீழ் வயல் செய்பவர், வயது நாற்பத்தெட்டு. காலபோகம் முடிந்தால் சிறுபோகம், இடையில் மேட்டுப் பயிர் என்று ஓயாது உழைப்பவர். "எனக்கென்ன வருத்தம்? கல்லுப்போல இருக்கிறேன்" என்பார். இடுப்பு நொந்தால் சந்திக் கடையிலே குளிசை வாங்கி விழுங்குவார். சில மாதங்களாகச் சற்றுக் களைப்பு இருந்தது. வேலைக் களைப்பென்று எண்ணினார். இரவில் இரண்டு மூன்று முறை சிறுநீர் கழிக்க எழுந்தார். வயதின் குணமென்று எண்ணினார். சோற்றிலே மனம் செல்லவில்லை. வெயிலின் கொடுமையென்று எண்ணினார். கால்கள் வீங்கி மூச்சு முட்டியபோதுதான் பிள்ளைகள் அவரை வைத்தியசாலைக்குக் கொண்டுசென்றனர். சிறுநீரகங்கள் இரண்டும் பெரும்பாலும் செயலிழந்துவிட்டமை அன்றுதான் தெரியவந்தது.

இவர் கற்பனை மனிதரே. ஆயினும் இவரை ஒத்த ஒருவரை வாசகர்கள் பலர் தம் ஊரிலோ உறவிலோ அறிந்திருப்பர். "முன்பே காட்டியிருக்கலாமே" என்று சொல்லுதல் யார்க்கும் எளிது. அவர் ஏன் காட்டவில்லை என்பதையும் நாம் எண்ணிப் பார்த்தல் வேண்டும். வைத்தியசாலைக்குப் போவதென்றால் விடியுமுன் எழுந்து பஸ் பிடிக்க வேண்டும். வரிசையில் காத்திருக்க வேண்டும். அன்றைய கூலி போய்விடும். நோவே இல்லாதபோது ஒரு நாளை ஏன் இழப்பது என்று அவர் போட்ட கணக்கை அறிவீனமென்று நாம் சொல்லமாட்டோம்.

ஆனால் அந்தக் கணக்கிலே ஒரு தொகை விடுபட்டுப் போயிற்று. சிறுநீரகம் செயலிழந்தவர், இயந்திரத்தின் துணைகொண்டு இரத்தத்தைச் சுத்திகரிப்பதற்காக, வாரத்தில் இரண்டு அல்லது மூன்று தினங்கள், ஒவ்வொரு தடவையும் ஏறத்தாழ நான்கு மணித்தியாலம் வைத்தியசாலையிலே படுத்திருக்க நேரிடும். போய்வரும் நேரமும் செலவும் வேறு. ஆண்டில் ஒரு நாளை மிச்சம் பிடித்தவர் பின்னர் ஆண்டுக்கு நூறு நாட்களுக்கு மேல் கொடுக்கிறார். வீட்டிலுள்ள இன்னொருவரும் துணைக்குச் செல்வதாயின் அவருடைய நாட்களும் அக்கணக்கிலே சேரும்.

பிள்ளையை நிறுக்கிறோம், தந்தையை?

நோயில்லாதவரை அளந்து பார்க்கும் வழக்கம் நமக்குப் புதியதன்று. 1926 இல் களுத்துறையிலே இலங்கையின் முதலாவது சுகாதாரப் பிரிவு அமைக்கப்பட்ட காலந்தொட்டு, நோயாளி வரும்வரை காத்திராமல் வீடு தேடிச் செல்லுதல் இந்நாட்டுப் பொதுச் சுகாதாரத்தின் நெறியாக இருந்து வருகிறது. உலக நாடுகள் அல்மா அட்டா நகரிலே கூடி, ஆரம்பச் சுகாதாரப் பராமரிப்பே எல்லோர்க்கும் நலந்தரும் வழியெனப் பிரகடனஞ் செய்தது 1978 இலேதான்.

இதனை நம் தாய்மார் நன்கு அறிவர். குடும்பநல உத்தியோகத்தர் கர்ப்பிணியின் வீட்டுக்கு வருகிறார், கிளினிக்கிலே இரத்த அழுத்தத்தைப் பார்க்கிறார்கள், சிறுநீரைச் சோதிக்கிறார்கள். பிறந்த குழந்தையை ஒழுங்காக நிறுத்து, அதன் பதிவேட்டிலே புள்ளி இடுகிறார்கள். குழந்தை முற்றத்திலே சிரித்து விளையாடினாலும் நிறுக்கும் நாளைத் தாய் தவறவிடுவதில்லை. மெலிவு கண்ணுக்குத் தெரியுமுன்னே கோடு காட்டிவிடும் என்பது அவளுக்குத் தெரியும்.

அந்தப் பதிவேட்டிலே தந்தைக்கு இடமில்லை. பிள்ளைப்பேறு முடிந்தபின் தாயையும் எவரும் அளப்பதில்லை. போரினால் துணையை இழந்து, தனித்து நின்று குடும்பத்தைத் தாங்கும் பெண்கள் வன்னியிலே பலர். பிள்ளைகளுக்காக எத்தனை வைத்தியசாலைப் படிகளிலும் ஏறுகின்ற அவர்கள், தமக்காக ஒரு படியும் ஏறுவதில்லை. இக்குறையை நீக்குதற்கென்றே, 2011 ஆம் ஆண்டு முதலாக, நோயில்லாத வளர்ந்தோரைப் பரிசோதிக்கும் நலவாழ்வு நிலையங்களை அரசாங்கம் வைத்தியசாலைகளிலும் சுகாதார வைத்திய அதிகாரி பணிமனைகளிலும் அமைத்து வருகிறது. முப்பத்தைந்து வயதைக் கடந்தவர்கள் அங்கு சென்று, கட்டணமின்றி உயரம், நிறை, இரத்த அழுத்தம், இரத்தத்திலுள்ள சீனி ஆகியவற்றைப் பார்த்துக்கொள்ளலாம். நாளையும் நேரத்தையும் தங்கள் பகுதிக் குடும்பநல உத்தியோகத்தரிடமோ பொதுச் சுகாதாரப் பரிசோதகரிடமோ கேட்டறிக.

எதனை அளப்பது?

முதலாவது இரத்த அழுத்தம். உலகிலே வளர்ந்தோர் மூவரில் ஒருவருக்கு உயர் இரத்த அழுத்தம் உண்டென்றும், அவர்களுள் ஏறத்தாழப் பாதிப் பேர் அதனை அறியாதிருக்கின்றனர் என்றும் உலகச் சுகாதார நிறுவனம் 2023 இல் வெளியிட்ட அறிக்கை கூறுகிறது. தலையிடி வந்தால் "பிரஷர்" என்றும், வராவிட்டால் இல்லை என்றும் கருதுவது தவறு. கருவி காட்டும் இரண்டு எண்களில் மேலது 140 ஆகவோ கீழது 90 ஆகவோ, அல்லது அவற்றிற்கு மேலாகவோ, வெவ்வேறு நாட்களிலே திரும்பத் திரும்பக் காணப்படின் அது நோயாகும். ஒரு தடவை கூடியதைக் கொண்டு அஞ்சவும் வேண்டாம். அலட்சியம் செய்யவும் வேண்டாம். சைக்கிள் மிதித்து வந்த களையோடு அளந்தால் எண் பிழைக்கும். அளப்பதற்கு அரைமணி நேரத்துக்கு முன்பிருந்தே தேநீரையும் புகையிலையையும் தவிர்த்து, ஐந்து நிமிடமாவது சாய்ந்து அமர்ந்து, பாதங்களை நிலத்தில் ஊன்றி, பேசாது கையை நீட்டல் வேண்டும்.

இரண்டாவது இரத்தத்திலுள்ள சீனி. சிறுநீரில் எறும்பு மொய்த்தால்தான் நீரிழிவு என்று நம் முன்னோர் சொன்னதில் உண்மை உண்டு. ஆனால் அது பிந்திய உண்மை. இரத்தத்தில் சீனியின் அளவு ஏறத்தாழ 180 மில்லிகிராமைத் தாண்டினாலன்றி அது சிறுநீரில் இறங்குவதில்லை. இரவுணவின் பின் எட்டு மணித்தியாலமாவது தண்ணீர் தவிர வேறெதுவும் உட்கொள்ளாது காலையில் எடுக்கும் இரத்தத்திலே, ஒரு டெசிலீற்றருக்கு 126 மில்லிகிராமோ அதற்கு மேலோ இருந்து, மறுபடி சோதித்தபோதும் அவ்வாறே காணப்படின் அது நீரிழிவு. 100 க்கும் 125 க்கும் இடையில் நிற்பவர் வாசற்படியில் நிற்பவர். சோற்றின் அளவைக் குறைத்து, தேநீரில் சீனியை விட்டு, நாள்தோறும் அரைமணி நேரம் விரைந்து நடப்பாராயின் அவர் உள்ளே போகாமலே திரும்பிவிடக்கூடும்.

மூன்றாவது சிறுநீரகம். இதற்கு இரண்டு பரிசோதனைகள் உண்டு. ஒன்று, சிறுநீரிலே அல்புமின் என்னும் புரதம் கசிகிறதா என்று பார்ப்பது. மற்றையது, இரத்தத்திலே கிரியாற்றினின் என்னும் கழிவுப்பொருள் எவ்வளவு தங்கியிருக்கிறதென்று பார்ப்பது. சிறுநீரகத்தின் ஆற்றலில் ஏறத்தாழப் பாதி குன்றும்வரை கிரியாற்றினின் எண் சாதாரண எல்லைக்குள் நின்று ஏமாற்றுவதும் உண்டு. ஆதலின் வைத்தியர் அந்த எண்ணோடு வயதையும் பாலையும் சேர்த்துச் சிறுநீரகத்தின் வடிகட்டும் ஆற்றலைக் கணிப்பார். அக்கணிப்பு 60 இற்குக் கீழாக மூன்று மாதத்துக்கு மேல் நீடிப்பின் அது நாட்பட்ட சிறுநீரக நோயாகும்.

வன்னிக்கு நெருங்கிய ஆபத்து

சிறுநீரகத்தைக் கெடுப்பனவற்றுள் நீரிழிவும் உயர் இரத்த அழுத்தமும் எங்கும் முதலிடம் பெறுவன. நமக்கோ அவற்றோடு இன்னொன்றும் சேர்ந்திருக்கிறது. 1990 களின் நடுப்பகுதியில் மதவாச்சி, பதவியா முதலிய வடமத்திய மாகாண ஊர்களிலே, நீரிழிவும் இரத்த அழுத்தமும் இல்லாத கமக்காரர் பலர் சிறுநீரகம் கெட்டு வருவதை வைத்தியர்கள் கண்டனர். மதவாச்சிக்கும் வவுனியாவுக்கும் இடையே மாகாண எல்லை உண்டு. நிலத்திலும் நீரிலும் வெயிலிலும் எல்லை இல்லை. வவுனியா, முல்லைத்தீவு மாவட்டங்களிலும் இந்நோயாளர் காணப்படுகின்றனர். எல் சல்வடோர், நிக்கரகுவா நாடுகளின் கரும்புத் தோட்டத் தொழிலாளரிடமும், ஆந்திர மாநிலத்தின் உத்தானம் பகுதிக் கமக்காரரிடமும் இதனை ஒத்த நோய் உண்டு. கடுமையான வெயிலில் நீர் வற்ற உழைத்தல், கிணற்று நீரின் கடினத்தன்மையும் புளோரைட்டும், கிருமிநாசினிகள், உலோகங்கள் எனப் பலவற்றை ஆராய்ந்தும், இதுவே காரணமென ஒன்றை இன்னும் எவரும் நிலைநாட்டவில்லை. சிறுநீரில் புரதம் மிகுதியாகக் கசியாமலே இந்நோய் முற்றக்கூடும் ஆதலின், வயலில் உழைப்போர் சிறுநீர்ப் பரிசோதனையோடு நிற்காது இரத்தத்தையும் சோதித்தல் வேண்டும்.

காரணம் துலங்கும்வரை கையைக் கட்டியிருக்க வேண்டியதில்லை. சிறுநீரகத்துக்குத் தீங்கென்று ஐயமற அறிந்தவை சில உள. அவற்றுள் ஒன்று, நம் கமக்காரர் இடுப்பு நோவுக்கு வாங்கி விழுங்கிய குளிசை. டைக்ளோபெனாக், இபுபுறூபன் முதலிய நோவாற்றிகள், வியர்த்து நீர் வற்றிய உடலிலே, சிறுநீரகத்துக்குச் செல்லும் இரத்தத்தைக் குறைக்கின்றன. அரிவுவெட்டுக் காலத்தில் நாள்தோறும் அவற்றை உட்கொள்ளுதல் பெருந்தீங்கு. டெங்குக் காய்ச்சலிலும் எலிக்காய்ச்சலிலும் அவை மேலும் ஆபத்தானவை. உடல் நோவுக்குப் பரசிற்றமோல் அளவோடு போதும். அதனாலும் தீராத நோவை வைத்தியரிடம் காட்டுக. நாட்டு மருந்து உண்போரும், ஆடுதீண்டாப்பாளை, ஈசுவரமூலி ஆகிய மூலிகைகள் சேர்ந்திருக்கின்றனவா என்று பரியாரியாரைக் கேட்டுக்கொள்க. அவற்றிலுள்ள அரிஸ்டோலோக்கிக் அமிலம் சிறுநீரகத்தை அழிக்கவல்லது.

கேத்திலின் அடியிலே வெள்ளைப் படை படியும் கிணற்று நீரைக் குடிப்போர், கூடுமாயின் சுத்திகரித்த குடிநீரையோ மழைநீரையோ பயன்படுத்துதல் நன்று. கொதிக்க வைத்தால் கிருமிகள் சாகும், புளோரைட்டு நீங்காது. சிறுபோகத்து நண்பகலிலே நிழலில் ஒதுங்குதலும், தாகம் எடுக்குமுன் நீர் அருந்துதலும் வேண்டும். உப்பு ஒரு நாளைக்கு ஒரு தேக்கரண்டிக்கு மேற்படாதிருத்தல் நலம். கருவாட்டிலும் ஊறுகாயிலும் மோர்மிளகாயிலும் உள்ள உப்பும் அதனுள் அடங்கும்.

கொப்பியைக் காப்போம்

நோய் அகப்பட்டபின் நேரும் இன்னொரு தவறு, மருந்தை இடையில் விடுதல். இரண்டு மாதம் குளிசை உண்டபின் அழுத்தம் 130 இற்கு இறங்கியதும், "சுகமாகிவிட்டது" என்று நிறுத்துவோர் பலர். அந்த எண்ணை இறக்கி வைத்திருப்பது குளிசையே; அதனை நிறுத்தினால் எண் மீண்டும் ஏறும். நோவு இல்லாமையால், ஏறியதை உடல் சொல்லாது. ஒரு நாள் வாய் கோணி, பேச்சுக் குழறி, ஒரு பக்கக் கை விழுந்த பிறகே சொல்லும். அவ்வாறு நேர்ந்தாலும், நெஞ்சு இறுகி வியர்த்தாலும், ஒரு கணமும் தாமதியாது 1990 என்னும் இலக்கத்துக்கு அழைத்தால் இலவச நோயாளர் காவு வண்டி வரும்.

ஒவ்வொரு தடவையும் ஒரே கிளினிக்குக்குச் செல்லுதலும், கிளினிக் கொப்பியைப் பேணுதலும் மருந்துக்கு அடுத்தபடியான மருந்தாகும். அதன் அருமையை வன்னி மக்களுக்கு எவரும் சொல்லித்தர வேண்டியதில்லை. 2008, 2009 ஆம் ஆண்டுகளில் இடத்துக்கு இடம் பெயர்ந்து, இறுதியில் செட்டிகுளத்து முகாம்களை அடைந்தோர் காணியுறுதியையும் அடையாள அட்டையையும் இழந்தது போலவே, தம் நோயின் வரலாற்றையும் வழியிலே இழந்தனர். என்ன மருந்து, எத்தனை அளவு, எப்போது தொடங்கியது என்று சொல்ல ஒரு துண்டுக் கடதாசியும் இல்லாமல் முதலிலிருந்து தொடங்கியவர்கள் அவர்கள். ஆதலின் கொப்பியை நனையாத உறையிலே இட்டு வையுங்கள். தொலைபேசி வைத்திருக்கும் பிள்ளைகள் அதன் பக்கங்களைப் படம் எடுத்து வைப்பார்களாயின் இன்னும் நன்று.

எல்லா எண்களும் சரியாயிருந்தும், நெஞ்சு பாரம், உடல் நோ, உறக்கமின்மை, ஏலாமை என்று மாதக்கணக்காய் வருந்துவோரும் வெளிநோயாளர் பிரிவுக்கு வருகின்றனர். "ஒன்றுமில்லை" என்று சொல்லி அவர்களை வீட்டார் கடிந்துகொள்ளலாகாது. பெரும் இழப்புகளைச் சுமந்த மண் இது. சொல்லமுடியாத துக்கம் உடலின் வழியாகப் பேசுவதுண்டு. வைத்தியரிடம் குளிசை கேட்பதோடு நில்லாது, உறக்கம் போனதையும் மனம் சோர்ந்ததையும் வெளிப்படச் சொல்லுக. அதற்கும் சிகிச்சை உண்டு. அதில் வெட்கத்துக்கு இடமில்லை.

மருத்துவத்துக்கு நோயாளி, வைத்தியர், மருந்து, அருகிலிருந்து பணிசெய்வோர் என நான்கு உறுப்புகள் உண்டென்று வள்ளுவர் வகுத்தார். முதல் மூன்றையும் பற்றி நாம் அடிக்கடி பேசுகிறோம். நான்காவது உறுப்பு இவ்விதழைக் கையில் வைத்திருக்கும் குடும்பமே. அப்பாவின் கிளினிக் நாளை நினைவூட்டும் மகளும், சோற்றில் உப்பைக் குறைக்கும் மனைவியும், "இன்றைக்கு உன் வேலையை நான் பார்க்கிறேன், நீ போய்ப் பரிசோதித்து வா" என்று தம்பியை அனுப்பும் அண்ணனும் அவ்வுறுப்பாவர்.

நாளொன்றைக் குறித்துக் கொள்வதும் எளிது. காலபோக அறுவடை முடிந்து நெல் வீடு வந்து சேர்ந்ததும் வேலை சற்று ஓயும். முப்பத்தைந்து வயதைக் கடந்த ஒவ்வொருவரும் ஆண்டுதோறும் அந்த மாதத்திலே ஒரு நாளை வைத்தியசாலைக்கென ஒதுக்குவாராக. நெல்லை அளந்து மூட்டை கட்டும் நாம், அந்நெல்லை விளைவித்த உடலையும் ஒருமுறை அளந்து பார்த்தல் தகும். நோகும்வரை காத்திருக்க வேண்டாம்.